கண்ணாடிக்கு வெளியே ஒரு கன்னம்

ஜெயசித்ராவின் வலது கன்னத்தை யாரும் தொடக்கூடாது. கணவன் பாக்யராஜ் தொடக்கூடாது, கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும் மகள் சுவேதா தொடக்கூடாது, தோளில் கிடக்கும் முந்தானைகூடத் தொடக்கூடாது. முகம் கழுவும்போது தண்ணீரும் இடது பக்கத்தோடு நின்றுகொள்ள வேண்டும். இத்தனையையும் எப்படியோ சமாளித்தார்கள். காற்றைத்தான் சமாளிக்க முடியவில்லை.

முதலில் அது பல்வலி மாதிரிதான் வந்தது. ஒரு பல் டாக்டர் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார். வலி போகவில்லை என்றதும் பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார். இரண்டு நல்ல பற்கள் போன பிறகுதான், கோளாறு பல்லில் இல்லை, முகத்து நரம்பில் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வந்தால் கரண்டுக் கம்பியைக் கன்னத்தில் வைத்து எடுத்ததுபோல வரும். விட்டுவிட்டு வரும். மென்றால் வரும், பேசினால் வரும், ஒன்றுமே செய்யாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் வரும். நாற்பது வயதுகூட ஆகாத பெண் கஞ்சியை இடது கடைவாயில் ஒதுக்கி ஒதுக்கிக் குடித்து, எலும்புக்கூடாய் ஆகிவிட்டாள். மாத்திரை ஒரு நாள் கேட்கும், மறுநாள் கேட்காது.

"மூஞ்சியில பாதிய அறுத்துக் கடாசிடு மாமா, புண்ணியமாப் போவும்" என்பாள். முதலில் சொன்னபோது அவன் பதறினான். பிறகு அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கன்னத்தின் வழியாக ஊசி விட்டு நரம்பைச் சுட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் ஸ்கேன், ரத்தம், இதயம் என்று பல தடவை போய்வர வேண்டும். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வில்லியனூர் வழியாக ஆஸ்பத்திரிக்கு எதில் போவது? பஸ்ஸில் யாருடைய முழங்கை எப்போது கன்னத்தில் படும் என்று சொல்ல முடியாது. ஆட்டோ இரண்டு பக்கமும் திறந்த வண்டி. ஒருமுறை வாடகைக் கார் வைத்துப் பார்த்தார்கள். ஜன்னலை மூடியதும் அவளுக்குக் குமட்டியது. வாந்தி எடுக்க வாயைத் திறந்தவள், வலியில் காரின் கதவைத் திறந்துகொண்டு குதிக்கப் பார்த்தாள். மிஞ்சியது பாக்யராஜின் பைக்தான். சென்ட்ரிங் வேலைக்கு அவன் ஓட்டிப் போகிற பழைய வண்டி. ஹெல்மெட் கன்னத்தை அழுத்தும் என்பதால் அவளால் போட முடியாது. துணி சுற்ற முடியாது. உருட்டிக்கொண்டு போனாலும் ஆற்றுப் பாலத்தில் காற்று சும்மா விடாது.

அதனால்தான் வண்டிக்கு முன்னால் கண்ணாடி போடலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

வில்லியனூர் மாடவீதி முனையில் மணிவண்ணன் வண்டிக்கு வேண்டிய உதிரி சாமான்கள் விற்கிற கடை வைத்திருந்தான். வாயும் கையும் ஒன்றாக ஓடும் ஆள்.

"காத்துதானேண்ணே? மேட்டரே இல்ல. பெருசாப் போட்டா காத்து தலைக்கு மேல பூடும். சின்னதாப் போட்டா தலையில அடிக்கும். பெருசு போடு, அண்ணி நிம்மதியாத் தூங்கிகினே வருவாங்க."

சுவரில் மாட்டியிருந்ததிலேயே உயரமான கண்ணாடியை இறக்கி, ஹேண்டில்பாரில் கிளாம்பு வைத்து முடுக்கினான். பாக்யராஜ் தனியாக உறுவையாறு வரைக்கும் ஓட்டிப் பார்த்தான். சட்டைக் காலர்கூட அசையவில்லை. மழை நின்ற மாதிரி ஓர் அமைதி. வழியில் மாதா கோயிலைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தி, கண்ணை மூடி நன்றி சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான்.

அந்த நன்றி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது.

இதயப் பரிசோதனைக்கு என்று குறித்திருந்த நாளில் ஜெயசித்ரா வழக்கம்போல ஒருபக்கமாகக் கால் போட்டு, அவன் முதுகில் படாமல் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். வில்லியனூர் தாண்டும் வரை மெதுவாகத்தான் போனான். ஆரியபாளையம் பாலத்தில் வேகம் ஏறியது. பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அழுகை என்று சொல்ல முடியாது. மிதிபட்ட நாய் போடுகிற சத்தம்.

வண்டியை ஓரம் கட்டினான். அவள் இறங்கி, பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முன்ன காத்து தள்ளும் மாமா. இப்ப அறையுது. பட்டு பட்டுன்னு அறையுது. யாரோ நின்னு அறையிற மாரி."

"எனக்கு ஒண்ணுமே படலியே?"

"உனக்குப் படல. எனக்குப் படுது."

"கண்ணாடி இருக்குதுடி முன்னால! காத்து எங்கேர்ந்து வரும்? நீயா நெனச்சிக்கினு..."

சொல்லி முடிப்பதற்குள் அவள் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நீயுமா என்பது மட்டும் இருந்தது. கீழே சங்கராபரணியில் தண்ணீர் இருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பாக்யராஜ் சட்டென்று அருகே வந்தான். அவள் கையை இறுகப் பிடித்து, வண்டியை மறுபக்கம் திருப்பினான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "இனிமே அந்த வண்டியில ஏற மாட்டேன். செத்தா வூட்டுலயே சாவறேன். இன்னொரு வாட்டி கூப்புடாத."

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தான். பரவாயில்லை, அந்தச் சோதனையையும் அடுத்த செவ்வாய்க்கிழமையே எடுத்துவிடலாம், ஊசிக்கும் அன்றுதான் தேதி, ஆனால் அன்றைக்கு வராவிட்டால் மறுபடி வரிசையில் கடைசிக்குப் போய்விடுவீர்கள் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். வரிசை எத்தனை மாதம் என்று அவன் கேட்கவில்லை. அத்தனை மாதம் அவள் இருப்பாளா என்பதுதான் அவன் நெஞ்சில் ஓடியது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் மணிவண்ணனிடம் போனான்.

"அதெப்புடிண்ணே படும்? வா, நானே பின்னால குந்திப் பாக்குறேன்" என்று மணிவண்ணன் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறினான். இரண்டு பக்கமும் கால் போட்டு, பாக்யராஜின் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தான். பைபாஸ் வரைக்கும் போய்த் திரும்பினார்கள்.

"சத்தியமாச் சொல்றேன், ஒரு பொட்டுக் காத்து இல்ல." இறங்கியவன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, தப்பா நெனைக்காத. வலி வந்து வந்து அண்ணிக்கு மனசுல பயம் பூந்துகிச்சி. மனசுக்குப் பாக்குற டாக்டருகிட்ட ஒருவாட்டி..."

பாக்யராஜும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். அப்படி நினைப்பது சுலபமாகவும் இருந்தது. பிறகு அவன் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லையே.

அப்போது திருக்கனூர்ப் பக்கமிருந்து ஒரு கணவனும் மனைவியும் பைக்கில் வந்து, கடையைத் தாண்டிப் போனார்கள். அந்த வண்டியிலும் முன்னால் உயரமான கண்ணாடி. ஓட்டியவரின் சட்டை இஸ்திரி போட்டது போட்டபடி இருந்தது. பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த அம்மாளின் முந்தானையோ இடது பக்கமாகப் பிய்த்துக்கொண்டு அடித்தது. காற்றில் பறக்கவில்லை, அடித்தது, துவைக்கிற துணி மாதிரி. அந்த அம்மாள் ஒரு கையால் முகத்தருகே அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் கண்ணை விட்டு மறையும் வரை பாக்யராஜ் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மணி, நீ ஓட்டு. நான் பின்னால குந்துறேன்."

"இப்பதானேண்ணே நான் குந்திப் பாத்தேன்?"

"நீ ஆம்பள மாரி குந்துன. என் பொண்டாட்டி அப்புடியா குந்துறா?"

மகளுடைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு ஜெயசித்ராவும் ஒருமுறை இரண்டு பக்கம் கால் போட்டுப் பார்த்தவள்தான். வேகத்தடையில் வண்டி குதித்ததும் கன்னம் அவன் தோளில் போய் மோதியது. அன்றைக்கு அவள் பட்டதை அவன் மறக்கவில்லை. அதிலிருந்து ஒருபக்கமாக, தள்ளித்தான் உட்காருவாள்.

மணிவண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே ஓட்டினான். பாக்யராஜ் இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டு, மடியில் கை வைத்து, பெண் பிள்ளை மாதிரி உட்கார்ந்து மாடவீதியில் போனான். டீக்கடையிலிருந்து ஒரு விசில் வந்தது. "கல்யாணப் பொண்ணு போவுதுடோய்!" என்று எவனோ கத்தினான். கோயில் வாசலில் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் மஞ்சுளா, கட்டிக்கொண்டிருந்த சரத்தை மடியில் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"யோவ் மணி, பொண்ணு நல்லா இருக்குது, பூ வாங்கிக் குட்த்துட்டுப் போ!"

வேகம் ஏறியது. பாக்யராஜ் சிரிப்பையெல்லாம் மறந்தான். அப்படி உட்கார்ந்தால் தலை ஓட்டுகிறவனின் முதுகுக்குப் பின்னால் இருப்பதில்லை. இடது பக்கமாக வெளியே வந்துவிடுகிறது. வலது கன்னம் நேராக முன்னால் திரும்பி நிற்கிறது. கண்ணாடியின் ஓரத்தில் வழிந்து வருகிற காற்று அங்கேதான் சுழன்று சுழன்று வந்து விழுந்தது. தள்ளவில்லை. அவள் சொன்னது எழுத்துப் பிசகாமல் சரி. அறைந்தது.

நல்ல கன்னம் உள்ள அவனுக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. அது காற்றினால் மட்டும் வந்ததில்லை.

கடைக்குத் திரும்பியதும் பாக்யராஜ் பட்டதைச் சொன்னான். மணிவண்ணன் உயரமான கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைவிடக் குட்டையான, ஆனால் அகலமான ஒன்றை மாட்டினான். மறுபடி ஊர்வலம். மறுபடி விசில். இப்போது அடி கன்னத்தில் இல்லை, தோளில் விழுந்தது போலிருந்தது. ஆனால் பாக்யராஜ் ஆறடி ஆள். அவன் தோள் இருக்கிற இடத்தில்தான் ஜெயசித்ராவின் முகம் இருக்கும்.

மூன்றாவது தடவை வண்டி கோயில் வாசலைக் கடந்தபோது மஞ்சுளா சிரிக்கவில்லை. எழுந்து வந்து கடை முன்னால் நின்றாள்.

"இன்னாய்யா பண்றீங்க ரெண்டு பேரும்? வெளையாட்டு இல்ல போலக் கீதே?"

பாக்யராஜ் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே விரலில் ஒட்டியிருந்த பூக்காம்பை உதிர்த்தாள்.

"உன் வூட்டுக்காரி என்னா ஒயரம்?"

"உன் ஒயரந்தான் இருப்பா."

"அப்புறம் இன்னாத்துக்கு நீ பனமரம் மாரி பின்னால குந்திகினு கணக்குப் போடுற? தள்ளு. நான் குந்துறேன். நீ ஓட்டு."

மணிவண்ணன் தயங்கினான். "யக்கா, நாலு பேரு பாத்தா..."

"பாக்கட்டும். புருசன் செத்துப் பத்து வருசமா இந்த வாசல்ல குந்திகினு இருக்கேன். பேசறவன் நான் சும்மா இருந்தாலும் பேசத்தான் பேசினான்."

கூடையிலிருந்து பூக் கட்டுகிற வாழைநாரில் ஒன்றை மெல்லிசாகக் கிழித்தாள். வலது காதோரத்து முடியில் அதை முடிந்து, கன்னத்தில் தொங்கவிட்டுக்கொண்டாள். "இது ஆடுச்சின்னா காத்து படுதுன்னு அர்த்தம். ஆடலன்னா படல. எனக்கு மூஞ்சி மரத்துப்போன மூஞ்சி, வெயில்ல குந்தி குந்தி. நார் பொய் சொல்லாது."

கணவனை இழந்த ஒரு பெண், அடுத்தவள் புருஷன் ஓட்டுகிற வண்டியில், ஊரே பார்க்கும் கடைத்தெருவில் ஏறி உட்கார்ந்தாள். டீக்கடையில் இந்த முறை யாரும் விசிலடிக்கவில்லை. அடிக்காமல் இருந்தது மரியாதையாலா, வாயடைத்துப் போனதாலா என்று தெரியாது. எதுவாக இருந்தாலும், அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அடிக்குது, அடிக்குது! நார் மூக்குல குத்துது!" என்று பின்னாலிருந்து கத்துவாள். திரும்புவார்கள். மணிவண்ணன் கண்ணாடியைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்ப்பான். மறுபடி போவார்கள். "இப்ப கொஞ்சம் தேவல. ஆனா துடிக்குது." கண்ணாடியின் அடிப்பாகம் ஹெட்லைட்டோடு ஒட்டியிருந்ததைத் தளர்த்தி, இரண்டு விரல் நுழைகிற அளவு சந்து விட்டுப் பார்த்தான். கண்ணாடிக்கு உட்புறம் வெற்றிடமாகக் கிடந்து பக்கத்துக் காற்றை உறிஞ்சாமல் இருக்கட்டும் என்றான். அது சரியா தப்பா என்று அவனுக்கே நிச்சயமில்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று செய்தான். கடைக்கு வந்த இரண்டு பேரை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பியும் விட்டான். மஞ்சுளாவின் கூடையில் மல்லி வாடிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "சாமிக்கு இன்னிக்கு வேற யாராவது குடுப்பாங்க" என்றாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் பைபாஸ் முனையிலிருந்து திரும்பி வரும்போது அவள் சத்தமே போடவில்லை. பாக்யராஜுக்குப் பயமாகிவிட்டது.

"யக்கா?"

"ஓட்டு, ஓட்டு. பேசாத. நார் தூங்குது."

கடை முன்னால் இறங்கியதும் வாழைநாரை அவன் கையில் கொடுத்து, "நானும் ஒருவாட்டி வந்து உன் வூட்டுக்காரிகிட்ட சொல்றேன். நீ சொன்னா நம்ப மாட்டா. நம்புற மாரியா பேசி வச்சிருப்ப?" என்றாள். அவள் எப்படித் தெரிந்துகொண்டாளோ!

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தாள். ஜெயசித்ராவின் இடது பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

"நான் குந்திப் பாத்தேன்மா. பெரிய கண்ணாடியில அடிக்கத்தான் அடிச்சிது. நீ சொன்னது நெசம். ஆம்பளைங்களுக்கு அது படாது, அவனுங்க குந்துற லட்சணம் அப்புடி."

இரண்டு வருடமாக ஜெயசித்ராவின் வலியை மருந்தாகவும் தேதியாகவும் மட்டுமே பார்த்தவர்களுக்கு நடுவில், நீ சொன்னது நிஜம் என்று ஒருத்தி சொன்னது அவள் கண்ணை நிறைத்தது. கண்ணீர் வலது கன்னத்தில் இறங்கிவிடாமல் தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கிளம்பினார்கள். பாக்யராஜ் ஒரு வார்த்தையும் வற்புறுத்தவில்லை. அவளாக வந்து ஏறினாள். பாலம் வந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பின்னால் சத்தம் இல்லை. பாலத்தின் முக்கால் தூரத்தில் ஒரு பஸ் உரசினாற்போல முந்திக்கொண்டு போனது. அது கிளப்பிய காற்றுக்கு எந்தக் கண்ணாடி தாங்கும்? அவள் நகங்கள் அவன் இடுப்பில் பதிந்தன. ஓரம் கட்டினான். அவள் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே உடம்பு முழுவதும் நடுங்க, வலி வந்து, போய், மறுபடி வந்து போகிற வரைக்கும் இருந்தாள்.

திருப்பட்டுமா என்று கேட்க அவன் வாயெடுத்தான்.

"போ" என்றாள்.

ஊசி போட்டார்கள். நரம்பைச் சுட்டார்கள். மறுநாள் காலையில் வலி இல்லை. பாக்யராஜ் படுக்கையருகே நின்று, கேட்கப் பயந்துகொண்டே கேட்டான்: "இப்ப?"

"இல்ல மாமா." அவள் தன் குரலையே நம்பாதவளாகச் சொன்னாள். "இல்லவே இல்ல."

அவன் கை தானாக நீண்டது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் வலது கன்னத்தைத் தொட்டான். காய்ந்து, ஒட்டிப் போயிருந்த கன்னம். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் விம்முகிற சத்தம் கேட்டுத்தான் திரும்பினாள். கன்னத்தருகே அவன் கையைப் பார்த்தாள்.

"தொட்டுகினா இருக்கே?" என்றாள்.

அந்தப் பாதி முகம் செத்துப்போயிருந்தது. இப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வலியை நினைத்துக்கொண்டு கேட்ட காதில் அது ஏறவில்லை. கஞ்சி வலது வாயோரம் வழிந்தால் அவளுக்குத் தெரியவில்லை. நாக்கில் அந்தப் பக்கம் உப்பு இல்லை. கண்ணிலும் உணர்ச்சி போய்விட்டது என்றார் டாக்டர். அதுதான் பயம். தூசு விழுந்தாலும், காற்றில் காய்ந்தாலும் கண்ணுக்கு உறுத்தாது. உறுத்தாததால் அவள் கசக்க மாட்டாள், மூட மாட்டாள். புண்ணாகிப் பார்வை போன பிறகுதான் தெரியும். சொட்டு மருந்து விடுங்கள், ஊருக்குப் போனதும் மூக்குக்கண்ணாடி ஒன்று செய்து போடுங்கள், காற்று படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனி எப்போதும்.

பாக்யராஜ் தலையாட்டினான். இத்தனை நாள் காற்று பட்டால் அவள் கத்துவாள். இனி கத்தவும் மாட்டாள்.

ஊருக்குத் திரும்பும் நாளில் பாக்யராஜ், மணிவண்ணன் போட்ட கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்தான். கிளாம்புகளை ஆட்டிப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து மஞ்சுளா கொடுத்த வாழைநாரை எடுத்தான். காய்ந்து முறுகிப் போயிருந்தது. வாயில் வைத்து ஈரமாக்கி நீவிவிட்டு, ஜெயசித்ராவின் வலது காதோரத்து முடியில் முடிந்தான். அவள் தலையைக் குனிந்து காட்டினாள். நார் கன்னத்தில் விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை.

இடது பக்கத்துப் பின்பார்வைக் கண்ணாடியைத் திருப்பினான். பின்னால் வருகிற வண்டிகள் அதிலிருந்து போய்விட்டன. அவள் முகம் வந்தது.

"ரோடு தெரியாதே மாமா" என்றாள்.

"வலது பக்கத்துது இருக்குது. மெதுவாப் போவோம்."

பாலத்தில் ஆற்றுக் காற்று வந்தது. அவன் முன்னால் ஒரு பார்வையும் இடது கண்ணாடியில் ஒரு பார்வையுமாக ஓட்டினான். ஓரிடத்தில் நார் லேசாகத் துடித்தது. வேகத்தைக் குறைத்தான். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கட்டும் என்று விட்டான்.

"ஆடுதா?" என்று அவள் கேட்டாள்.

"ஆடிச்சி. கண்ண மூடிக்க."

அவள் மூடிக்கொண்டாள். வலது இமை முழுவதும் மூடியிருக்கிறதா என்று அவனே கண்ணாடியில் பார்த்துக்கொண்டான்.